பழைய கார் ஏசியில் கேஸ் லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் என்று பதினைந்து இருபது வருஷம் ஓடிய வண்டிகளை வைத்திருப்பவர்கள், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான்: புதிதாகக் கேஸ் அடிப்பதற்கு முன், போன கேஸ் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடித்தே ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு குறைந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள். ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் வளையம்) வழியாகவும் மிகச் சிறிதளவு கசிவது புது வண்டியிலும் உண்டு. அதனால் பல வருஷம் கழித்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டி வருவது இயல்பு. ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டியிருந்தால் அது லீக்.

எவ்வளவு நாளில் போனது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கொடுக்கக்கூடிய உபயோகமான தகவல் அதுதான். ஒரே நாளில் போயிருந்தால் கண்டென்சரில் (கேஸின் சூட்டை வெளியே விடும் பகுதி) ஓட்டை, குழாய் தேய்ந்து விரிசல், ஜாயின்ட் கழன்றது என்று பெரிதாக ஏதாவது இருக்கும். சில வாரங்களில் போனால் ஓ-ரிங் (ஜாயின்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம்), பின் வால்வு (கேஸ் ஏற்றும் வாயில் உள்ள வால்வு), கூலிங் காயிலில் (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஊசி முனை அளவு துளை ஆகியவற்றின் மேல் சந்தேகம் போகும். ஆறேழு மாதம் தாக்குப்பிடித்தால் ஷாஃப்ட் சீலையோ, ஹோஸ் முனையில் உலோகக் காலரை நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தையோ பார்ப்பேன். இது உறுதியான கணக்கில்லை, ஆனால் எங்கே தொடங்கலாம் என்று காட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ், நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும். அரைக் கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட 700 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் ஒப்பந்தத் திருத்தம் வந்தது, இந்தியா 2021இல் அதை ஏற்றது. வருஷா வருஷம் அடித்துக் காற்றில் விடுவது பணத்துக்கு மட்டும் நஷ்டமில்லை.

கூலிங் குறைந்தாலே லீக் என்று முடிவு செய்யலாமா?

கூடாது. கண்டென்சர் ஃபேன் சுற்றாவிட்டாலும், கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தாலும், ஹீட்டர் வால்வு முழுதாக மூடாவிட்டாலும் கூலிங் வராது. வண்டி ஓடும்போது ஜில்லென்று இருந்து சிக்னலில் நின்றதும் சூடானால், முதலில் ஃபேனைப் பாருங்கள். கேஸ் குறைவுக்கு அடையாளம் வேறு: கம்ப்ரஸர் கிளட்ச் சில நொடிக்கு ஒரு முறை 'டக்' என்று பிடித்து விடும், ஓடும்போது மெக்கானிக் மாட்டும் இரண்டு கேஜிலும் (அழுத்தமானி) அழுத்தம் குறைவாகக் காட்டும், டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குப்பி) மேல் கண்ணாடி இருந்தால் அதில் குமிழ் ஓடும். கேஸ் மேலும் குறைந்தால் லோ பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். கண்ணாடி தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். சுத்தமாகக் காலியானாலும் அது தெளிவாகத்தான் தெரியும்.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜ் மாட்டினோம். 95 பிஎஸ்ஐ காட்டியது. அப்படியென்றால் கேஸ் நிறைய இருக்கிறதுதானே?

இதில் ஏமாறுபவர்கள் அதிகம். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, நின்றிருக்கும் வண்டியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கும், கேஸின் அளவு இல்லை. ஆர்-134ஏ 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். அரைக் கிலோ பிடிக்கும் வண்டியில் 200 கிராம்தான் மிச்சம் என்றாலும் ஊசி அதே இடத்தில்தான் நிற்கும். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் இறங்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரே வழி, கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷினில் இழுத்துத் தராசில் பார்ப்பது.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கண்ணிலிருந்து. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு திட்டு உருவாகும். சுற்றியுள்ள இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஒரு ஜாயின்டில் மட்டும் ஈரத் தூசி இருந்தால் அங்கே நில்லுங்கள். இன்ஜினைக் கழுவிவிட்டு வண்டியை ஏசி கடைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். தடயமெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

பார்க்க வேண்டிய இடங்களை நான் வரிசைப்படுத்துவது செலவை வைத்து. முதலில் கேஸ் ஏற்றும் இரண்டு வாய்களில் உள்ள பின் வால்வு. சைக்கிள் டியூப் வால்வு போலச் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு முறை கேஜ் மாட்டிக் கழற்றும்போதும் அழுத்தப்பட்டுத் தேய்கிறது. மூடியைத் திறந்து ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் போதும். அந்த மூடியும் வெறும் தூசித் தடுப்பு இல்லை, உள்ளே ரப்பர் வளையத்தோடு கேஸைத் தடுக்கிற வேலையும் அதற்கு உண்டு. பழைய வண்டிகளில் பாதிக்கு மூடியே இருப்பதில்லை. வால்வை மாற்றும்போது ஏசிக்கு உரிய பின்னையே கேளுங்கள், டயர் வால்வின் பின்னைப் போடக் கூடாது.

அடுத்தது குழாய் ஜாயின்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. இருபது வருஷ இன்ஜின் சூட்டில் அது தட்டையாகி, கல் மாதிரி இறுகியிருக்கும். லீக் செய்கிறது என்று நட்டை மேலும் முறுக்கினால் அலுமினியக் குழாய்தான் திருகிக்கொள்ளும், ஓ-ரிங் திரும்ப உயிர் பெறாது. பிறகு ஹோஸின் நசுக்கிய முனைகள். குழாய் கிளாம்பிலோ பாடியிலோ உரசும் இடங்களையும் கையால் தடவிப் பாருங்கள், மேலே நன்றாக இருக்கும், அடிப்பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும்.

கண்டென்சர் வண்டியின் முகப்பில் இருப்பதால் கல்லடி, சேறு, பூச்சி எல்லாம் அதன் மேல்தான். கடலோர ஊர் வண்டிகளில், இரும்புப் பிராக்கெட் அலுமினியத்தைத் தொடும் இடங்களையும் கீழ்ப்பக்கத்தையும் கூடுதலாகப் பாருங்கள். உப்புக் காற்றில் அரிப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

சோப்பு நுரை போதுமா? மெஷின் வேண்டாமா?

பெரிய, நடுத்தர லீக்குகளுக்குச் சோப்பு நுரை அருமையானது. கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம், வாடிக்கையாளருக்கும் காட்டலாம். கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷால் தடவிவிட்டு ஒரு நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். மெதுவான லீக் பொடிப்பொடியான வெண்நுரையாக வளரும். தடவிய கையோடு நகர்ந்துவிட்டால் தவறிப்போகும். எட்டாத இடத்துக்கும், வருஷத்துக்குச் சில பத்து கிராம் மட்டும் கசியும் இடத்துக்கும் நுரை உதவாது.

பம்ப்பால் உள்ளே இருப்பதை இழுத்து வேக்குவம் போட்டு அரை மணி நேரம் நின்றது, அதனால் லீக் இல்லை என்றார் மெக்கானிக். நம்பலாமா?

வேக்குவம் இறங்கிவிட்டால் லீக் நிச்சயம். நின்றுவிட்டால் லீக் இல்லை என்று நிச்சயமில்லை. வேக்குவத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது வெறும் 14.7 பிஎஸ்ஐ. ஏசி ஓடும்போது ஹை பிரஷர் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. திசையும் வேறு, பலமும் வேறு. உள்நோக்கி இழுக்கும்போது சரியாக உட்கார்ந்துகொள்ளும் சீல், வெளிநோக்கித் தள்ளும்போது திறந்துகொள்ளலாம். வேக்குவம் ஈரத்தையும் காற்றையும் எடுப்பதற்கான வேலை. லீக் தேடும் வேலையை அதன் தலையில் கட்டுவது தவறு.

பிறகு எதுதான் நம்பகமானது?

உள்ளே இருக்கும் கேஸை ரெகவரி செய்துவிட்டு, உலர் நைட்ரஜனை ஏற்றிப் பார்ப்பது. சுமார் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, வால்வை மூடி, ஊசி நிற்கும் இடத்தைக் குறித்துவைத்து, எல்லா ஜாயின்டிலும் நுரை தடவ வேண்டும். கம்ப்ரஸரின் கிளட்ச் பிளேட்டைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் சில கோணங்களில் நிற்கும்போது மட்டும் லீக் செய்யும் சீல்கள் உண்டு.

லீக் மெதுவாக இருந்தால் வண்டியை ராத்திரி முழுக்க அப்படியே விட வேண்டும். மறுநாள் காலையில் ஊசி இறங்கியிருந்தால் உடனே பதற வேண்டாம், வெப்பநிலையைக் கணக்கில் எடுங்கள். மாலை 35 டிகிரியில் 150 பிஎஸ்ஐயில் விட்டு, காலை 25 டிகிரியில் பார்த்தால், லீக்கே இல்லாமலும் ஐந்து பிஎஸ்ஐ போலக் குறையும். அதைவிட அதிகம் இறங்கியிருந்தால்தான் தேடல்.

நைட்ரஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது உள்ளே 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டவே கூடாது. வெல்டிங் கடையில் பக்கத்திலேயே இருக்கிறதென்று ஆக்சிஜனை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து, ஆயிலும் அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். அதில் ஈரம் இருக்கிறது, மேலும் அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ தீப்பிடிக்கக்கூடியது.

கேஸ் லீக்கைக் கண்டுபிடிக்கும் எலக்ட்ரானிக் டிடெக்டர் எல்லா இடத்திலும் கத்துகிறது. பழுதா?

பெரும்பாலும் பயன்படுத்தும் விதம்தான் பழுது. ஃபேன் காற்றில், கேஸ் பரவிய ஷெட்டுக்குள், சூடான இன்ஜின் மேல் வைத்தால் அது கத்தத்தான் செய்யும். இன்ஜினை நிறுத்தி, காற்றோட்டம் இல்லாத இடத்தில், முனையை ஜாயின்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்த வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, ஆகவே குழாயின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். வண்டியில் குறைந்தது 50 பிஎஸ்ஐயாவது இருக்க வேண்டும். கத்திய இடத்தைத் துடைத்து, காற்று ஊதிவிட்டு, மறுபடி பார்த்து, திரும்பவும் கத்தினால்தான் கணக்கு.

யூவி (புற ஊதா) ஒளியில் ஒளிரும் சாயம் போடுவது நல்லதா?

மெதுவான லீக்குக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி. வண்டிக்கு ஏற்ற சாயத்தைச் சில மில்லி ஏற்றி, இரண்டு மூன்று வாரம் ஏசி போட்டு ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியுமாகப் பார்த்தால் லீக் பச்சையாக ஒளிரும். குலுக்கலிலும் சூட்டிலும் மட்டும் திறக்கும் லீக்குகள் ஷெட்டில் நிற்கும் வண்டியில் அகப்படாது, இதில் அகப்படும். முன்பு யாராவது சாயம் போட்டிருந்தால் பழைய கறையும் ஒளிரும், எனவே முதலில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதிகம் ஊற்றினால் ஆயிலின் குணம் கெடும்.

'கூலிங் காயில்தான் போச்சு, டேஷ்போர்டைக் கழற்றணும்' என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?

கழற்றுவதற்கு முன் சாட்சி கேளுங்கள். பழைய வண்டியில் டேஷ்போர்டு ஒரு முறை இறங்கினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும், பிறகு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும். வேறெங்கும் லீக் கிடைக்கவில்லை என்பது காயிலைக் குற்றம் சொல்லப் போதாது.

சோதனை எளிது. இன்ஜினை நிறுத்தி, புளோயரை முழு வேகத்தில் கால் நிமிஷம் ஓட்டிப் பழைய காற்றை வெளியேற்றுங்கள். பிறகு நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தால், காயிலிலிருந்து கசியும் கேஸ் பெட்டியின் அடியில் தேங்கும். டிடெக்டர் முனையை புளோயர் ரெசிஸ்டரைக் கழற்றிய துளை வழியாகவோ, தண்ணீர் வடியும் டிரெய்ன் வாயிலோ காட்ட வேண்டும், முனையில் தண்ணீர் படக் கூடாது. சாயம் போட்டிருந்தால் டிரெய்னில் சொட்டும் தண்ணீரில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சைத் திவலை வந்தால் சந்தேகமே இல்லை. நைட்ரஜன் முறையிலும் காயிலைத் தனியாகச் சோதிக்கலாம்: இரண்டு குழாய்களையும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில்) கழற்றி, காயிலை மட்டும் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. இதற்கு உரிய அடைப்பான்கள் கடையில் இருக்க வேண்டும். இருந்தால் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

காயில் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன்மேல் எப்போதும் ஈரமாக ஒட்டிக் கிடக்கும் தூசியும் இலைச் சருகும். ஃபில்டரே இல்லாமல் வந்த பழைய மாடல்களில் இது சகஜம். மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று நுழைவாயைச் சுத்தமாக வையுங்கள். காயிலை மாற்றும்போது கூடவே, காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். வேலை இரண்டாம் முறை வரக் கூடாது.

காயில், கண்டென்சர் ஓட்டையை வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

அலுமினியக் குழாயில் ஒரு விரிசல் என்றால் ஆர்கான் வெல்டிங் நன்றாகவே நிற்கும். அரித்துப்போன காயிலில் வேண்டாம். ஒரு துளை விழுந்த காயிலில் அடுத்த துளைக்குப் பக்கத்திலேயே இடம் தயாராக இருக்கும். பாதி விலையில் முடிந்ததென்று நினைத்து, டேஷ்போர்டு கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

லீக் அடைக்கும் மருந்து ஒரு டப்பா ஊற்றினால் சரியாகிவிடுமா?

தயவுசெய்து வேண்டாம். இவற்றில் பல, காற்றும் ஈரமும் பட்டதும் இறுகும். உள்ளே ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலும் டிரையரிலும் இறுகிக்கொள்ளும். அந்த வண்டியை ரெகவரி மெஷினில் மாட்டினால் மெஷினும் கெடும். நல்ல கடைகள் அப்படிப்பட்ட வண்டியைத் தொடவே மறுப்பது இதனால்தான்.

கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆயில் தெறித்திருக்கிறது. கம்ப்ரஸரையே மாற்ற வேண்டுமா?

ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. கிளட்ச் சுற்றும்போது ஆயில் வட்டமாகத் தெறித்து பானட்டின் அடியில் கோடாகப் படிந்திருக்கும். பல மாடல்களுக்குச் சீல் தனியாகக் கிடைக்கிறது. ஷாஃப்டில் கோடு விழாமல், பேரிங் ஆட்டமில்லாமல் இருந்தால் சீல் மட்டும் மாற்றலாம். மாதக்கணக்கில் ஏசி போடாத வண்டிகளில்தான் இது அதிகம், ஆயில் படாமல் சீல் உதடு காய்ந்துவிடுகிறது. மழைக்காலத்திலும் வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள்.

காருக்குள் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். கேஸ் லீக்கா?

இல்லை, டிரெய்ன் குழாய் அடைப்பு. வண்டிக்கு அடியில் சொட்டினால் அது நல்லதே, காயில் வேலை செய்கிறது. உள்ளே இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுக்குப் படிந்தால் அது ஹீட்டர் காயிலிலிருந்து வரும் கூலன்ட், அது வேறு வேலை.

அப்பாவின் 1990களின் தொடக்க வண்டி. ஆர்-12 கேஸ். இப்போது கிடைக்குமா?

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் போட்ட ஒப்பந்தப்படி, வளரும் நாடுகளில் இந்த வகைக் கேஸின் தயாரிப்பு 2010 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. ஏற்றும் வாயில் டயர் வால்வு போல மறை இருந்தால் ஆர்-12, அழுத்தி மாட்டும் கப்ளர் என்றால் ஆர்-134ஏ என்று அடையாளம் காணலாம்.

ஆர்-134ஏவுக்கு மாற்றிய வண்டிகளில் லீக் தேடுவது சற்றுத் தனிக் கதை. பழைய ஹோஸ்களுக்குள் கேஸைத் தடுக்கும் நைலான் அடுக்கு இருக்காது. புதுக் கேஸின் மூலக்கூறு சிறியது, ஹோஸின் உடம்பு முழுக்கவே மெல்லக் கசியும். நுரையில் ஒரு குமிழ்கூட வராது, சீசனுக்குள் கேஸ் மட்டும் போய்விடும். ஹோஸை மாற்றுவதுதான் தீர்வு. பழைய மினரல் ஆயில் புதுக் கேஸோடு கலக்காது, அதையும் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றாமல் கேஸை மட்டும் மாற்றினால் கம்ப்ரஸர் ஆயிலின்றி ஓடித் தேயும்.

விலை குறைவென்று எல்பிஜி கலந்த கேஸ் ஏற்றுவோர் இருக்கிறார்கள். காயில் லீக்கானால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நிறையும். சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். சுடரின் நிறத்தை வைத்து ஆர்-12 லீக் பார்க்கும் பழைய விளக்கும் வேண்டாம், தீயில் பட்ட கேஸிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

லீக்கை அடைத்த பிறகு கடையில் என்னென்ன செய்ய வேண்டும்?

திறந்து கிடந்த வண்டிக்கு டிரையர் மாற்ற வேண்டும். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி மாட்ட வேண்டும். வெளியேறிய ஆயிலுக்கு ஈடாக, கம்ப்ரஸருக்கு உரிய ஆயிலைச் சேர்க்க வேண்டும். நைட்ரஜனில் மறுபடி ஒரு சோதனை. பிறகு முப்பது நாற்பத்தைந்து நிமிஷம் வேக்குவம். கடைசியாக, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி தராசில் நிறுத்துக் கேஸ். 'கை வைத்துப் பார்த்து' ஏற்றுவது ஆர்-134ஏவுக்கு ஒத்துவராது, ஐம்பது கிராம் வித்தியாசம்கூட சின்ன வண்டியில் தெரியும்.

ஊட்டியில் எங்கள் கடை. வேக்குவம் பம்ப் 29 இஞ்ச் வரை போகவே மாட்டேன் என்கிறது. லீக்கா?

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 23 இஞ்ச் பாதரசத்தை ஒட்டித்தான். கேஜ் அதற்கு மேல் காட்ட வழியில்லை, பம்ப் மேல் பழியில்லை. ஆனால் குளிரில் ஈரம் ஆவியாவது மெதுவாகும், பம்ப்பைக் கூடுதல் நேரம் ஓடவிடுங்கள்.

வீட்டிலேயே நானே பார்க்கலாமா?

கண்ணால் பார்ப்பது, பின் வால்வில் நுரை வைப்பது, சாயத்தை டார்ச்சில் தேடுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஜாயின்டைக் கழற்றாதீர்கள். சாதாரண அழுத்தத்தில் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கேஜ்கூட மாட்ட வேண்டாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, லீக் கிடைக்கவில்லை. இனி?

எடை போட்டுக் கேஸ் ஏற்றி, கொஞ்சம் சாயத்தோடு ஓட்டுங்கள். ஏற்றிய கிராமையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சில மாதம் கழித்து, புதிதாக எதுவும் சேர்க்கும் முன் இருப்பதை ரெகவரி செய்து எடை பார்த்தால், எத்தனை மாதத்தில் எத்தனை கிராம் போனது என்பது கையில் இருக்கும். வருஷத்துக்கு நாற்பது ஐம்பது கிராம் என்றால் இருபது வயது வண்டியைப் பிரிக்க நான் சொல்ல மாட்டேன், சில வருஷத்துக்கு ஒரு முறை அளந்து சேர்த்தால் போதும். மூன்று மாதத்தில் 150 கிராம் போயிருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின் வால்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.